உப்பில்லாத உருண்டை

சோறும் கோழியும் வயிறு முட்டத் தின்ற பிறகும், "இன்னும் சாப்பிடவில்லை" என்று ஒரு ஜாம்பியாக்காரர் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். அன்று அவருக்கு இன்ஷிமா கிடைக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் எத்தனை பலகாரம் தின்றாலும் சோறு சாப்பிட்ட கணக்கில் சேராதே, அதுபோலத்தான்.

இன்ஷிமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் கெட்டிக் களி. பக்கத்து ஜிம்பாப்வேயில் இதன் பெயர் சட்ஸா, கென்யாவில் உகாலி. மாவை முதலில் கஞ்சியாகக் கொதிக்க விட்டு, மேலும் மாவு தூவி மரத் துடுப்பால் கிளறுகிறார்கள். கை கடுக்கும் வேலை. உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. தலைநகர் லுசாகாவில் முதன்முறையாகச் சாப்பிடும் வெளிநாட்டவருக்குச் சப்பென்றுதான் இருக்கும். ருசி என்பது பக்கத்துக் கிண்ணத்தின் பொறுப்பு: நிலக்கடலை மாவு சேர்த்த பூசணி இலைக் கீரை, கப்பென்டா எனும் பொடிக் கருவாடு.

சாப்பிடும் முன் கிண்ணமும் தண்ணீரும் கொண்டுவந்து கை கழுவ ஊற்றுகிறார்கள். வலது கையால்தான் உண்ண வேண்டும். முள்கரண்டியைத் தேடும் ஐரோப்பியர் திண்டாடும் இடத்தில் இந்தியர் சுலபமாகத் தேறிவிடுவார். அவர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்: குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்துவிடுவார். இன்ஷிமாவைப் பிசையக் கூடாது. ஒரு துண்டு கிள்ளி, கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளி வாயில் போட வேண்டும். கர்நாடகத்து ராகி முத்தேயை விழுங்கிப் பழகியவர்கள் கவனிக்க: இதை மென்றுதான் தின்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் 'நம்முடையது' என்று நினைக்கும் கேழ்வரகு பிறந்தது ஆப்பிரிக்காவில். ஜாம்பியாவின் பழைய களியும் கேழ்வரகிலும் சோளத்திலும் கிண்டியதே. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. பிரிட்டிஷ் ஆட்சியில் தாமிரச் சுரங்கங்கள் தொழிலாளர்களுக்கு அந்த மாவை ரேஷனாகக் கொடுத்தன. விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்.

அரசுகளையும் ஆட்டிவைத்தார். 1986 டிசம்பரில் மானியம் வெட்டப்பட்டு மாவு விலை இரட்டிப்பானதும் சுரங்கப் பகுதியில் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின, அரசு பின்வாங்கியது. 1990 ஜூனில் மறுபடியும் விலையேற்றம், மறுபடியும் கலவரம். 1964-இல் சுதந்திரம் வந்ததிலிருந்து ஆண்ட கென்னத் கவுண்டா 1991 தேர்தலில் தோற்றார். மாவு விலை மட்டுமே காரணமல்ல. ஆனால் அந்தப் பாடத்தைப் பின்னால் வந்த யாரும் மறக்கவில்லை.

விலையை அரசு பிடித்து நிறுத்தலாம், மழையை? 2024 பிப்ரவரியில் ஜனாதிபதி ஹகைண்டே ஹிசிலெமா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். விதைத்த மக்காச்சோளத்தில் ஏறக்குறைய பாதி, சுமார் 10 லட்சம் ஹெக்டேர், கருகிப்போனது. காரிபா அணையில் தண்ணீர் வற்றி மின்சாரமும் போனது. மாவு கிடைத்தவர்களும் அடுப்புக்குக் கரி தேட வேண்டியதாயிற்று.

வறட்சியைத் தாங்கும் பழைய தானியங்களுக்குத் திரும்பினால் என்ன என்ற கேள்வி இயல்பானது. வடக்கு மாவட்டங்களில் மரவள்ளி மாவுக் களி இன்றும் உண்டு. ஆனால் நகரத்து நாக்கு வெள்ளை மாவுக்குப் பழகிவிட்டது. மக்காச்சோளத்திலேயே மஞ்சள் நிறமானதை மாட்டுத் தீவனம் என்று ஒதுக்குபவர்களிடம் கேழ்வரகை எப்படி நீட்டுவது? அரிசிச் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே தோன்றாத நமக்கு அந்தப் பிடிவாதம் புரியாததல்ல.