ஏச்சுக்குப் பயந்த கேள்வி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எம்மில் பலருக்கு வைத்தியராகும் கனவு. அது கைகூடாவிட்டால்தான் தாதியர் பயிற்சி என்பார்கள். எனக்கோ முதல் விருப்பமே தாதியாவதுதான். அதனால், தாதியர் பயிற்சி பெறும் சாச்சியின் மகள் லீவில் வந்தால் அவரை விடாமல் கதை கேட்பேன்.

இம்முறை ராத்தா சொன்னது வேறு கதை. வாட்டில் ஒருவருக்குச் சேலைன் எத்தனை துளி வீதம் போக வேண்டும் என்று பொறுப்பான தாதியிடம் கேட்டிருக்கிறார். "இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தாய்?" என்று நோயாளிகள் எல்லோரும் பார்த்திருக்க ஏச்சு விழுந்ததாம். "இப்போது நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை" என்றார் ராத்தா. ஏச்சைவிட அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது.

20 துளி ஒரு மில்லிலீற்றர் ஆகும் குழாயில், 500 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 துளி விழ வேண்டும். 42 துளி விழுந்தால் 4 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இதயம் பலவீனமான நோயாளிக்கு அந்த வேகத்தில் நுரையீரலில் நீர் தேங்கலாம். மாணவி வாய்மூடி நின்றால் தண்டனை நோயாளிக்கு.

ஏசுபவர்களையும் முற்றாகக் குறை சொல்ல முடியாது. இரவில் இரண்டு பேர் முழு வாட்டையும் பார்க்கிறார்கள் என்று ராத்தாவே சொல்கிறார். அவர்களும் ஏச்சு வாங்கியே படித்தவர்கள். தான் பட்டதை அடுத்தவளும் படட்டும் என்று நினைப்பதால்தான் இது தொடர்கிறது. எமது நாட்டில் மட்டுமல்ல. தாதியர் தம் குஞ்சுகளைத் தாமே தின்கிறார்களா என்று 1986 இலேயே அமெரிக்காவில் ஜூடித் மெய்ஸ்னர் என்ற தாதியர் கல்வி ஆசிரியை கேட்டுவிட்டார்.

1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் மன வேதனையையும் அச்சத்தையும் கூடக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் தினமும் விழும் சுடுசொல்லுக்காக யார் பொலிஸுக்குப் போவார்? அதற்குச் சட்டத்தைவிடப் பண்பே மருந்து.

அனஸ் (ரழி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்து வருடங்கள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அத்தனை காலத்திலும் "சீ" என்றொரு சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பழகும் பிள்ளையிடம் தவறே நடந்திருக்காதா? நடந்திருக்கும். திருத்துவதற்கு அவமதிக்கத் தேவையில்லை என்பதே அதில் எமக்குள்ள பாடம்.

இன்ஷா அல்லாஹ், நானும் ஒருநாள் வாட்டில் நிற்பேன். எவ்வளவு களைத்திருந்தாலும், கேள்வியோடு வரும் தங்கைக்கு முதலில் பதிலைச் சொல்வேன். அந்தப் பதிலுக்காக ஒரு நோயாளி கட்டிலில் காத்திருக்கிறார்.