வாசலில் ஒரு டன் பனி

பனி என்ற சொல்லை ஐம்பது ஆண்டுகளாக நான் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவனுக்குப் பனி என்பது மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பூசைக்குப் போவது. புல் நுனியில் நிற்கும் ஈரம். கதிரவன் எழுந்ததும் விடைபெற்றுக்கொள்ளும் மெல்லிய விருந்தாளி. குருமடத்தில் எசாயா நூலைப் பயின்ற நாள்களில் உறைபனியின் வெண்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அந்த வெண்மைக்கு எடை உண்டு என்பதை நான் படித்த எந்த விளக்கவுரையும் சொல்லித்தரவில்லை. பழைய மொழிபெயர்ப்பொன்றில் அதற்கு 'உறைந்த மழை' என்று பெயர். அந்தப் பெயரே பொருத்தம் என்று இன்று தோன்றுகிறது. மழை பெய்தால் தானே ஓடிவிடும். உறைந்த மழையோ வாசலிலேயே நிற்கும். அதை யாரேனும் ஒருவர் தூக்கி அப்பால் போட்டாக வேண்டும்.

2019-ஆம் ஆண்டு என் ஆயர் என்னை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக்கு அனுப்பிவைத்தார். பஃபலோ நகருக்குத் தெற்கே, ஈரி ஏரிக்கு அருகே ஒரு சிறு பங்கு. ஏரி என்றால் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிட வேண்டாம். கரையில் நின்றால் மறுகரை தெரியாத கடல் அது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீர் இன்னும் உறையாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அதன்மேல் நெடுந்தொலைவு கடந்து, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. அதுவும் ஒரு குறுகிய பட்டையாகவே கொட்டும். பத்து மைல் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்க, நம் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் இருக்கும். ஐந்து பேரேரிகளில் ஈரியே ஆழம் குறைந்தது. சராசரியாக 19 மீட்டர்தான். ஆகவே நடுக்குளிர்காலத்தில் அது பெரும்பாலும் உறைந்துவிடும், அதன்பின் கொட்டல் தணியும். நவம்பர் முதல் சனவரி வரைதான் அங்குள்ளோர் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருப்பார்கள்.

பங்கு இல்லத்துக்குத் தெருவிலிருந்து ஒரு வண்டிப்பாதை உண்டு. முப்பது மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது சென்டிமீட்டர் பனி பெய்தால், அந்தப் பாதையில் மட்டும் முப்பத்தாறு கன மீட்டர் பனி. புதிதாய்ப் பெய்த உலர்பனி கன மீட்டருக்கு நூறு கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை டன்னுக்கு மேல். ஈரப்பனியானால் அது இரட்டிப்பாகும். இதைவிடக் கொடியது பாதையின் முகப்பில் இருக்கிறது. நகராட்சியின் பனி தள்ளும் லாரி விடியற்காலையில் தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது, ஒதுக்கிய பனியை எல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் குறுக்கே வரப்புப்போல் விட்டுச் செல்லும். அது நசுங்கி, உப்பும் சேறும் கலந்து, ஒரு மணி நேரத்தில் இறுகிப்போகும். இடுப்பளவுகூட இராத அந்த வரப்பு ஏறத்தாழ ஒரு டன். சவளால் அள்ளினால் நூற்றைம்பது முறை குனிந்து நிமிர வேண்டும்.

அந்த வரப்பை எனக்காக அள்ளிவந்தவர் ஒரு முதியவர். லாக்கவானா எஃகு ஆலையில் 1983-இல் உலைகள் அணையும்வரை வேலை பார்த்தவர். மனைவியை இழந்தவர். எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தையர் பலரின் காலத்திலிருந்தே, காலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, யாரும் கேட்காமல் பாதையைத் திறந்துவிடுவது அவர் வழக்கம். நான் சன்னலருகே காப்பிக் கோப்பையுடன் நின்று பார்ப்பேன். சவளைப் பனிக்குள் சொருகி, முழங்காலை மடக்கி, உடலோடு ஒட்டித் தூக்கி, உடம்பைத் திருகாமல் காலைத் திருப்பிக் கொட்டும் அந்த நேர்த்தியில் ஓர் அழகு இருந்தது. அதை நான் அவருடைய பக்தி என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறு எண்ணுவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

2021-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பங்கின் நிதிக்குழு, பனி அகற்றும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று பரிந்துரைத்தது. விலை 1,600 டாலர். மனத்துக்குள் உடனே ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். வெளிநாட்டில் பணிபுரியும் நம் குருக்கள் எவரும் இந்த நோயிலிருந்து தப்புவதில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேல். "என் ஊரில் இந்தப் பணத்துக்கு ஓர் ஏழை விதவையின் வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம்" என்றேன். அனைவரும் மௌனமாயினர். அந்த மௌனத்தை நான் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து, "நான்தான் இருக்கிறேனே, ஃபாதர்" என்றார்.

அடுத்த சனவரியில் ஒரு வியாழக்கிழமை. இரவெல்லாம் பெய்த பனி விடியலில் ஈரமாகிவிட்டிருந்தது. வரப்பில் பாதியை முடித்திருந்தார். நான் காப்பியை ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் அவர் சவளைப் பிடித்தபடியே தபால்பெட்டிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது; வந்த வண்டி உள்ளே நுழைய முடியாமல் அவர் அள்ளாமல் விட்ட அந்தப் பாதி வரப்பின் முன் நின்றது. மருத்துவப் பணியாளர்கள் முழங்கால் ஆழப் பனியில் இறங்கித் தூக்குப்படுக்கையைத் தலைக்குமேல் சுமந்து வந்தார்கள். நான் நோயில்பூசுதலை அந்த வாசலிலேயே கொடுத்தேன். எண்ணெய் கெட்டியாகிப்போய் விரலில் ஒட்டவில்லை.

பிழைத்துக்கொண்டார். இருதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனைக்கு நான் சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மீதி வரப்பை யார் அள்ளினார்கள்?" என்பது.

பனி அள்ளுதல் ஏன் கொல்லுகிறது என்பதை அதன்பின்தான் படித்தேன். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. கால்களைவிடக் கைகளால் செய்யும் கடும் உழைப்பு இருதயத்துக்கு அதிகச் சுமை. பாரத்தைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடிக்கிறோம். அதுவும் படுக்கையிலிருந்து எழுந்த சிறிது நேரத்துக்குள். அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரையான பதினேழு ஆண்டுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, பனிச்சவளால் நேர்ந்த கேடுகளுக்காக ஏறத்தாழ 1,95,000 பேர் அவசர சிகிச்சைக்கு வந்ததாகவும், 1,600-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் கணக்கிட்டது. இறந்தோர் அனைவரும் இருதயத்தால் இறந்தவர்களே. நான் சன்னல் வழியே இரசித்த அழகு இது.

ஆகவே இயந்திரம் வாங்குவது என்று முடிவாயிற்று. இம்முறை முன்மொழிந்தவன் நான். எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். ஒப்பந்தக்காரரை வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒருவர். பிக்கப் வண்டியின் முன்னால் தகடு பொருத்தியவர்கள் பருவத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் ஐந்து மணிக்கு வந்து போன பிறகு ஆறு மணிக்கு நகராட்சி லாரி வரப்பை எழுப்பிவிட்டால், ஏழு மணித் திருப்பலிக்கு வரும் முதியவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்?

கடைக்குச் சென்றேன். முதியவரும் மருத்துவரின் கண்டிப்பையும் மீறி உடன் வந்தார். "தூக்க வேண்டாம் என்றார்கள், பேச வேண்டாம் என்று சொல்லவில்லை" என்றார். நான் குதிரைத்திறன் என்ன, எஞ்சின் எத்தனை சிசி என்று விசாரிக்கத் தொடங்கியபோது கடைக்காரர் கையமர்த்தி, "உங்கள் பாதையின் தரை எப்படி?" என்று கேட்டார். நான் விழித்தேன். முன்பாதி தார், பின்பாதி சரளைக்கல் என்று முதியவர் பதில் சொன்னார். அந்த ஒரே பதிலில் பாதிக் கடை கழிந்துவிட்டது.

இந்த இயந்திரங்களில் எளியது ஒற்றை நிலை வகை. ரப்பர் துடுப்புகள் தரையைத் தொட்டுச் சுழன்று, பனியை வாரி அதே வேகத்தில் வெளியே எறியும். இலேசானது, விலை குறைந்தது, தரையைத் துடைத்தாற்போல் சுத்தம் செய்யும். ஆனால் தரையைத் தொடுவதால் சரளையையும் சேர்த்து அள்ளிப் பக்கத்து வீட்டுச் சன்னலில் எறியும். அரையடிக்கு மேற்பட்ட ஈரப்பனியில் திணறவும் செய்யும். இரட்டை நிலை வகையில் இரும்புத் திருகு மெதுவாகச் சுழன்று பனியை வெட்டி நடுவே கொண்டுவர, அதற்குப் பின்னாலுள்ள விசிறிச் சக்கரம் அதை வாங்கிக் குழல் வழியே பல அடி தூரம் வீசும். சக்கரங்களும் எஞ்சினால் ஓடுவதால் தள்ள வேண்டியதில்லை. இருபுறமும் உள்ள சறுக்குக் கால்களை இறக்கிவிட்டால் திருகு தரைக்கு மேலே நிற்கும். கல் அதில் சிக்காது. எங்கள் சரளைக்கு இதுவே வழி. கனடாவின் கியூபெக் மாநிலத்தவரான ஆர்தர் சிக்கார் 1925-இல் இத்தகைய இயந்திரத்தை முதலில் செய்துகாட்டியவர். கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்தே அந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். களத்துமேட்டிலிருந்து பிறந்தது என்று கேட்டதும் அந்த இரும்பின்மேல் எனக்குச் சிறிது உறவு வந்துவிட்டது.

மின்கலத்தில் ஓடும் இயந்திரங்களும் இருந்தன. சத்தமில்லை, புகையில்லை, எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் ஈரப்பனியில் மின்கலம் வேகமாக வற்றிவிடும், எங்கள் நீளமான பாதையை முடிக்காது என்றார் கடைக்காரர். விற்பவரே வாங்க வேண்டாம் என்று சொல்லும்போது நம்பலாம். அகலத்தில் நான் பெரியதையே கேட்டேன். அறுபது கிலோ எடையுள்ள என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதியவர் 28 அங்குலத்தோடு நிறுத்தினார். அதுவே நூறு கிலோவுக்கு மேல். கைப்பிடியில் விசையை அழுத்தினால் திரும்பும் வசதி உள்ளதையும், வீட்டு மின்சாரத்தில் செருகிக் கிளப்பும் வசதி உள்ளதையும் தேர்ந்தெடுத்தோம். கைப்பிடியில் சூடேற்றும் அமைப்பு இருந்ததைக் கண்டு, இதென்ன ஆடம்பரம் என்று சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

பயிற்சியை முதியவரே எடுத்தார். குழல் அடைத்துக்கொண்டால் கையை விடவே கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் திருகிலும் விசிறியிலும் இறுக்கம் தங்கியிருக்கும். அடைப்பு விலகியதும் அது ஒரு சுற்றுச் சுற்றி விரலைக் கொண்டுபோய்விடும். அதற்கென உள்ள குச்சியால்தான் குத்த வேண்டும். கராஜுக்குள் வைத்து ஓட்டக்கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தெருவைப் பார்த்து நின்றால் லாரி இடப்பக்கமிருந்து வரும். ஆகவே அள்ளிய பனியை வலப்பக்கம் சேர்த்துவிட்டு, இடப்பக்க ஓரத்தில் ஓர் இடத்தை வெறுமையாக்கி வைத்தால், லாரி தன் சுமையில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். முப்பது ஆண்டுகள் அள்ளியவருக்குத்தான் இது தெரியும். இதைச் சொல்லச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வாங்கிய இரண்டாம் மாதமே, 2022 நவம்பரில், இயந்திரத்தின் எல்லையும் தெரிந்துவிட்டது. நான்கு நாள்களில் ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க் பகுதிகளில் ஏறத்தாழ 80 அங்குலப் பனி. இரண்டடி உயரமுள்ள வாயைக்கொண்டு ஆறடிச் சுவரை என்ன செய்வது? மேலே தட்டிச் சரித்து, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டியதாயிற்று. அதிலும் சக்கரம் வழுக்கியது. இறுதியில் பெரிய லோடர் வந்துதான் எங்களை மீட்டது. அந்தப் புயலில் பனி அகற்றும்போது இருதயக் கோளாறால் இருவர் இறந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. சவள் மட்டுமன்று, இயந்திரம் தள்ளியதும் அதில் சொல்லப்பட்டிருந்தது. செய்தியைக் கேட்டபோது எனக்கும் மார்பு அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காருகிறேன்.

இப்போது இடங்கள் மாறிவிட்டன. நான் வெளியே, அவர் சன்னலருகே, என் நாற்காலியில், என் காப்பிக் கோப்பையுடன். குழல் தவறான பக்கம் திரும்பினால் கண்ணாடியைத் தட்டுவார். ஒவ்வோர் அக்டோபரிலும் வந்து எண்ணெயை மாற்றி, பழைய பெட்ரோலை வடித்து, ஷியர் பின்களை எண்ணிப் பார்ப்பார். கல்லோ கட்டையோ சிக்கும்போது தான் ஒடிந்து உள்ளிருக்கும் பற்சக்கரங்களைக் காப்பாற்றும் சிறு ஆணிகள் அவை. அரை டஜன் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சென்ற முறை நான்குதான் இருந்தன. "ஃபாதர், இதையும் ரூபாயில் கணக்குப் போட்டீர்களா?" என்று கேட்டார். கடை ஆறு மணிக்கு மூடிவிடும் என்பதால் நான் பதில் சொல்லாமல் கார்ச் சாவியை எடுத்தேன்.