உதவித்தொகை பெறுகிறவர் வேலைக்குப் போகலாமா?



"விபத்துக்காக மாதந்தோறும் பணம் வாங்குகிறார், வேலைக்கும் போகிறாரே, இது சரிதானா?" இந்தக் கேள்வியை உங்களில் சிலர் வாய்விட்டுக் கேட்டிருப்பீர்கள், சிலர் மனதிற்குள் வைத்திருப்பீர்கள். எங்கள் சபையிலும் ஒரு மூத்த சகோதரர் என்னைக் குறித்து இப்படிக் கேட்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். கள்ளமான வருமானம் விசுவாசியின் வீட்டிற்குள் வரலாகாது என்னும் வைராக்கியத்தினாலேயே கேட்டார். ஆனால் சரியான பதில் கிடைக்காத இக்கேள்வியால் ஒரு குடும்பம் தவித்ததை நான் கண்ணாரக் கண்டேன். ஆகையால் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்து, போசரி தொழிற்பேட்டையில் பவர் பிரஸ் ஓட்டிப் பிழைத்தவன். நம்மவர்களில் அநேகருக்கு இந்த இயந்திரம் தெரியும். தகட்டைக் கையால் உள்ளே வைத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். இரண்டு கைகளும் பொத்தான்களை அழுத்தினாலொழிய மேல்பாகம் இறங்காதபடி அமைக்கவும் முடியும். வேலை மெதுவாகிறது என்று அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிடுகிற பட்டறைகள் உண்டு. 2018ஆம் ஆண்டில் ஓர் இரவு ஷிப்டில் என் இடக்கையின் மூன்று விரல்கள் போயின. விபத்து அறிக்கையை நிர்வாகம் உடனே அனுப்பவில்லை. என் மனைவி மூன்று முறை வாசலில் போய் நின்ற பிறகுதான் அனுப்பினார்கள்.

தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ.யில், வேலையில் உண்டாகும் காயத்திற்கு இரண்டு விதமான பணம் உண்டு. இரண்டுக்கும் பேர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம். முதலாவது, தற்காலிக ஊனப் பயன். காயம் ஆறும்வரை, வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் சான்று கொடுக்கிற நாட்களுக்கு, சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். இரண்டாவது, நிரந்தர ஊனப் பயன். சிகிச்சை முடிந்தபின் மருத்துவக் குழு, சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று தீர்மானிக்கும். கட்டைவிரல் முழுவதும் போனால் 30, ஒரே கையில் இரண்டு விரல்கள் போனால் 20, மூன்று போனால் 30 என்று சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கிறது. (ஒரு மனுஷனின் விரல்களை இப்படி விலை எழுதி வைத்திருப்பதை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.)

முதலாவது பணம் வேலை செய்யாத நாளுக்குரியது. கூலி வாங்குகிற நாளுக்கு அதை வாங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் 63ஆம் பிரிவில் திட்டமாய்ச் சொல்லியிருந்தது. நோய்க்காலப் பயனுக்கும் இதுவே முறை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடு பெறுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சோதனை வருவது இங்கேதான். கட்டு இன்னும் அவிழ்க்கப்படாதிருந்தபோது கான்ட்ராக்டர் எனக்குச் சொல்லியனுப்பினார்: "அரை நாள் ஸ்டோர்சில் வந்து உட்கார். கூலியைக் கையில் தருகிறேன். புத்தகத்தில் எழுத மாட்டேன்." வீட்டில் வாடகை பாக்கி இருந்தது. நானும் என் மனைவியும் அந்த இரவு வெகுநேரம் பேசினோம். "சான்றில் இயலாது என்று எழுதியிருக்கும் நாளில் நீங்கள் கூலி வாங்கினால், அந்தத் தாளில் உள்ளது பொய்யாகிவிடுமே" என்றாள். நான் போகவில்லை. அகப்பட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. கூலி கொடுத்தவரோ அந்நேரத்தில் நம்மை அறியேன் என்பார்.

இரண்டாவது பணமோ வேறு. அது போன விரலுக்காகத் தரப்படுகிறது. வேலைக்குப் போனாலும் விரல் திரும்பி வளர்வதில்லை அல்லவா? ஆகவே ஆயுள்நாள் முழுதும் அது கிடைக்கும். வேறு வேலை செய்து முழுச் சம்பளம் வாங்கினாலும் அதற்காக ஒரு ரூபாய் குறைவதில்லை. என் கணக்கையே சொல்கிறேன். சராசரி நாட்கூலி 480 ரூபாய். அதில் 90 விழுக்காடு 432. அதில் 30 விழுக்காடு, நாளொன்றுக்கு 129 ரூபாய் 60 காசு. முப்பது நாட்களுக்கு 3,888 ரூபாய். இதை வைத்து இந்த நகரத்தில் யார் வேலையின்றி உட்கார்ந்து சாப்பிட முடியும்? விலைவாசியைக் கருதி அவ்வப்போது தொகையை உயர்த்துகிறார்கள் என்பது மெய்தான். ஆனாலும் அது சம்பளத்திற்கு ஈடாகாது. சட்டம் எழுதினவர்களும் அந்த மனுஷன் மீதியுள்ள கையால் உழைப்பான் என்று எண்ணியே எழுதியிருக்கிறார்கள்.

மேலே சொன்ன குடும்பத்திற்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சுருக்கமாகவே சொல்கிறேன். அந்தச் சகோதரருக்கும் 30 விழுக்காடு. "வேலைக்குப் போவதைப் பார்த்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள், பொய்க்கணக்கு என்று கேஸ் போடுவார்கள்" என்று யாரோ பயமுறுத்த, அவர் மூன்று வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டார். வந்த இரண்டு நல்ல வேலைகளைத் தள்ளினார். மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கினாள். மூத்த மகள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினாள். திறனுள்ள மனுஷன், பகலில் வெளியே வரவும் கூச்சப்பட்டார். சபையில் எழுந்த கேள்வி அவருடைய பயத்தை மேலும் உறுதிப்படுத்தியது.

ஒரு திங்கட்கிழமை அவரை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திற்கு அழைத்துப் போனேன். மேஜைக்கு அப்பால் இருந்தவர் இரண்டு நிமிஷத்தில் இந்தியில் விளக்கிவிட்டார். காலத்திற்குக் காலம் உயிரோடிருப்பதற்கான சான்று கொடுத்தால் போதும், வேலை செய்வதை மறைக்க வேண்டியதில்லை என்றார். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது அவர் கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடியே வெகுநேரம் பேசாமலிருந்தார்.

உங்களில் யாருக்காவது இந்நிலை இருக்குமானால் சில காரியங்களை மனதில் வையுங்கள். நிரந்தர ஊனத்தின் அளவு முதலில் தற்காலிகமாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தால், குழு மீண்டும் அழைக்கும்போது தவறாமல் போங்கள். விழுக்காடு குறைவென்று கண்டால் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு, காலக்கெடுவைத் தவறவிடாதிருங்கள். புதிய வேலையிலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும்படி கேளுங்கள். சம்பளத்தில் 0.75 விழுக்காடுதான் நம் பங்கு. பொதுவாக 21,000 ரூபாய்க்கு மேல் மாதச் சம்பளமுள்ளவர் இதில் சேர முடியாது. உடற்குறையுள்ளவருக்கோ 25,000 வரை இடமுண்டு. எங்கள் காரியங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்தன. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனவே படிவ எண்களையும் கெடுக்களையும் என்னைப் போன்ற பழைய ஆட்களிடம் கேளாமல் கிளை அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரர் இப்பொழுது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் இயக்குகிறார். சென்ற மாதம் அவருடைய சம்பளச் சீட்டையும், உதவித்தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகத்தையும், கேள்வி கேட்ட அந்த மூத்த சகோதரரிடமே கொண்டுபோய்க் காட்டினார். இருவரும் ஆராதனை முடிந்து ஒரே பஸ்சில் ஏறிப் போனார்கள்.