பட்டிக்காட்டுத் தமாஷ்

"ஹீ ஹா!" - கழுதை கத்துவது அமெரிக்கர்கள் காதில் இப்படித்தான் விழுகிறதாம். அந்தக் கத்தலையே பெயராகச் சூட்டிக்கொண்டு, 1969 ஜூனில் சி.பி.எஸ். டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. வேறொரு நிகழ்ச்சியின் இடத்தைக் கோடைக்கு மட்டும் நிரப்ப வந்தது அது. 'கன்ட்ரி' சங்கீதத்தில் பேர்போன பக் ஓவன்ஸும் ராய் கிளார்க்கும் பாடுவார்கள், கிட்டார் வாசிப்பார்கள். நடுநடுவே சோளக்கொல்லையிலிருந்து ஒவ்வொரு தலையாக முளைத்து, ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு மறையும். இதை உருவாக்கிய இருவரும் கனடாக்காரர்கள் என்பது தனித் தமாஷ்!

வருஷத்தில் இரண்டே தடவை நாஷ்வில் நகரத்தில் எல்லோரும் கூடுவார்கள். ஜோக்குகளை மொத்தமாகப் படமெடுத்து, வாரவாரம் கொஞ்சங்கொஞ்சமாகப் பரிமாறுவார்கள். நாம் மாவடு போட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி!

பட்டணத்து விமர்சகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஜனங்களோ விடாமல் பார்த்தார்கள். ஆனாலும் 1971-ல் சி.பி.எஸ்., கிராமத்து வாசனை அடித்த நிகழ்ச்சிகளை வரிசையாகக் களையெடுத்தபோது இதையும் நிறுத்திவிட்டது. பார்க்க ஆளில்லையென்றா? இல்லவே இல்லை. விளம்பரக்காரர்களுக்குப் பட்டணத்து இளவட்டங்கள்தான் வேண்டியிருந்தார்கள். தயாரிப்பாளர்கள் அசரவில்லை. ஊருக்கு ஊர் உள்ள ஸ்டேஷன்களுக்குத் தாங்களே விற்றார்கள். புதுப்புது நிகழ்ச்சிகள் 1992 வரை வந்துகொண்டிருந்தன!

"பட்டிக்காட்டாரைக் கேலி செய்து பிழைத்தவர்கள்தானே?" என்றாள் என் சிநேகிதி. அந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். கிராமத்திலிருந்து பட்டணத்துக் காலேஜுக்கு வந்தவள் நான். என் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சக மாணவிகள் சிரித்தபோது எரிந்தது. அதையே நான் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தபோது எரியவில்லை. சிரிப்பு ஒன்றுதான், சாவி யார் கையில் என்பதல்லவா விஷயம்?

மின்னி பேர்லைப் பாருங்கள். 1 டாலர் 98 சென்ட் என்ற விலைச்சீட்டு தொங்கும் தொப்பியோடு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். நிஜத்தில் அவர் சாரா கேனன்; வசதியான குடும்பத்தில் பிறந்து, காலேஜில் நாடகம் படித்தவர்.

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் ரோனி ஸ்டோன்மன். கந்தல் கவுனும் பொக்கைப் பல்லுமாக, இஸ்திரி போட்டபடியே சோம்பேறிப் புருஷனோடு மல்லுக்கு நிற்கும் மனைவியாக வருவார். ஆனால் 1957-லேயே 'புளூகிராஸ்' பாணியில் பாஞ்சோ வாசித்து இசைத்தட்டில் பதிந்த முதல் பெண்மணி அவர்! பழைய பதிவுகளில் இன்றும் பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பாஞ்சோவை எடுத்தாரானால், விரல்கள் போகிற வேகம் நம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.