பாபாவின் மொழி

என் மருமகள் கனடாவில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் உக்ரைன். அவளுடைய பாட்டிக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. உக்ரைனிய மொழியில் பாட்டியை 'பாபா' என்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஷீரடிதான் நினைவுக்கு வந்தது.

1891-இல் தொடங்கி முதல் உலகப்போர் வரை, அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கலீசியா, புக்கோவினா பகுதிகளிலிருந்து உக்ரைனியக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் கனடா போனார்கள். 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் நிலம். குடியிருந்து, காட்டைத் திருத்திப் பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. பாபாவின் பெற்றோரும் அப்படிப் போனவர்களே. ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மண்டனுக்குக் கிழக்கே பண்ணை.

பாபாவுக்கு வீட்டில் உக்ரைனியம், பள்ளியில் ஆங்கிலம். தன் பெண் நன்றாகப் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்று அவளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். அந்தப் பெண்ணுக்குக் கேட்டால் கொஞ்சம் புரியும், பேச வராது. பேத்திக்கு அதுவும் இல்லை. மூன்றே தலைமுறை!

சில ஆண்டுகளுக்கு முன் பாபாவுக்கு மறதி நோய் வந்தது. பிறகு கற்ற ஆங்கிலம் முதலில் போயிற்று. முதியோர் இல்லத்தில் யார் எது கேட்டாலும் உக்ரைனியத்தில்தான் பதில். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அழுதபடி வீடு திரும்புவாள். அதன் பிறகுதான் மொழி கற்கத் தொடங்கினாள்.

போன கோடையில் நான் அங்கே இருந்தபோது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாடப் புத்தகத்தோடு உட்காருவாள். ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்கு வேறென்ன வேலை? நானும் உட்கார்ந்துவிடுவேன். எழுத்துகள் 33, வேற்றுமைகள் 7.

"மாமா, இந்தக் கடைசி வேற்றுமைதான் எனக்குப் பிடிபடவே இல்லை" என்றாள். பார்த்தால், நம்முடைய எட்டாம் வேற்றுமை! விளி. கண்ணனைக் கூப்பிடும்போது 'கண்ணா' என்கிறோம் அல்லவா? அதே மாதிரி 'பாபா' என்ற சொல், கூப்பிடும்போது 'பாபோ' ஆகும். 'மாமா' என்றால் அவர்கள் மொழியில் அம்மா, கூப்பிட்டால் 'மாமோ'. நன்னூல் படித்தது எட்மண்டனில் உதவும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பாபாவின் பழைய சமையல் நோட்டில் ஓர் எழுத்து அடிக்கடி வந்தது. 'கங்கை' என்னும்போது முதலில் வருகிற ஒலி. 1933-இல் சோவியத் அரசு இந்த எழுத்தை நெடுங்கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. உக்ரைனியத்தை ரஷ்ய மொழிக்கு நெருக்கமாக்கச் செய்த மாற்றங்களில் அதுவும் ஒன்று. 1990-இல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அதற்கும் முன்பு, 1876-இல், ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் அந்த மொழியில் நூல்கள் அச்சிடுவதையே பெரும்பாலும் தடை செய்திருந்தார். மன்னரும் சோவியத்தும் போய்விட்டார்கள். அந்த எழுத்து ஒரு கிழவியின் நோட்டில், ரசீதுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பார்க்கப் போனோம். மருமகள் குனிந்து "பாபோ" என்றாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த, நம் கொழுக்கட்டை போன்ற பண்டம் ஒன்றைச் செய்து எடுத்துப் போயிருந்தோம். புத்தகத்தில் படித்தபடி "வரேனிக்கி" என்று நீட்டினாள். பாபா தலையை ஆட்டி, "பிரோஹி" என்று கண்டிப்பாகத் திருத்தினார். கலீசியா வீடுகளில் அதற்கு அதுதான் பெயராம். வீட்டுப் பேச்சு வேறு, புத்தகப் பேச்சு வேறு. இதை நமக்கா சொல்லித்தர வேண்டும்! திட்டு வாங்கிய பேத்தியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று முதல் அவள் சந்தேகங்களைப் புத்தகத்தில் தேடுவதில்லை, பாபாவிடமே கேட்கிறாள். ஒரு நாள் பதில் வரும், மறுநாள் வராது. வரும் நாளில் எழுதி வைத்துக்கொள்கிறாள்.

இதற்குள் என் பேரன் "தாத்தா, தாத்தா" என்று என் மடியில் ஏறினான். பாபா என்னை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார். மருமகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். உக்ரைனியத்தில் 'தாத்தோ' என்றால் அப்பாவாம்.

"குழந்தையின் அப்பாவுக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார்.