முகவாயில் ஒரு சின்னக் காயம்

இராசசிம்ம பல்லவன் கட்டிய தாலகிரீசுவரர் கோவிலையும் அதிலுள்ள பார்வதி ஓவியத்தையும் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் பனமலைக்கு வருவார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கோ அந்தப் பாறைதான் விளையாட்டுத் திடல்.

1984 கோடையில் என் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் பாறைச் சரிவில் ஓடிவந்து விழுந்தான். கையில் நுங்கு வண்டிக் கவட்டை இருந்ததால் கையை ஊன்ற முடியவில்லை. முகவாய் நேராகப் பாறையில் மோதிக் கிழிந்தது. சைக்கிளில் உட்காரவைத்துப் பக்கத்து ஊர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூன்று தையல் போட்டார். திரும்பி வரும்போது, "சார், காதுகிட்ட வலிக்குது" என்றான். "அடிபட்டா வலிக்கத்தான்டா செய்யும், சரியாயிடும்" என்றேன்.

சரியாகவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அவன் வாயில் ஒரு விரல்கூட நுழையாது. சோற்றைப் பிசைந்து பல் இடுக்கில் தள்ளித்தான் சாப்பிடுவான். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. முகவாயில் விழும் அடி, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டுக்குப் போய்விடுகிறது. குழந்தைக்கு அந்த இடத்து எலும்பு மென்மை. அது நொறுங்கி, மூட்டுக்குள் ரத்தம் கட்டி, அசைவில்லாமல் விட்டால் மண்டை எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. தாடை வளர்ச்சியும் குன்றிவிடுகிறது.

போன வருஷம் எட்டு வயதுப் பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து முகவாயைக் கிழித்துக்கொண்டான். "வாயைத் திற" என்றேன். தாடை இடது பக்கம் கோணியது. கடைவாய்ப் பற்கள் சரியாகச் சேரவில்லை. தையலோடு விடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். இடது மூட்டில் முறிவு.

"பிளேட் வைக்க வேண்டாமா?" என்று மகன் பதறினான். குழந்தையின் தாடைக்குள் முளைக்காத பற்கள் வரிசையாக இருப்பதால், ஸ்குரு போட்டால் அவை கெட்டுப்போகலாம் என்றார் டாக்டர். தாடையின் நடுப்பகுதி முறிந்து விலகியிருந்தால், பற்களின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக் கம்பியால் இரண்டு மூன்று வாரம் கட்டுவார்களாம். அதிலும் சேராதவற்றுக்குத்தான் பிளேட். மூட்டு முறிவைப் பெரும்பாலும் வளரும் எலும்பே சீர்செய்துகொள்ளும். ஆனால் அசைவு நிற்கக் கூடாது. பேரனுக்குக் கூழும் குழைந்த சோறும் கொடுத்தோம். பிறகு ஐஸ் குச்சிகளை அடுக்கி, சில நாளுக்கு ஒன்று கூட்டி, வாயைத் திறக்கும் பயிற்சி. அழுவான், நான் விடமாட்டேன். வளர்ந்து முடியும்வரை ஆண்டுதோறும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் செஞ்சி பஸ் நிலையத்தில் அந்தப் பழைய மாணவனைப் பார்த்தேன். முகவாய் இன்னும் சற்று உள்வாங்கித்தான் இருக்கிறது. பேரனைப் பற்றிச் சொன்னதும், "வாய் நல்லா திறக்குதா சார்?" என்று கேட்டான். அன்று நான் அவனைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

உங்கள் வீட்டுக் குழந்தை முகவாய் அடிபட விழுந்தால், தையல் போட்டதோடு திரும்பிவிடாதீர்கள். வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். காதோரம் வலிக்கிறது என்றால் நம்புங்கள்.