காரின் வாலில் இரண்டு சைக்கிள்

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டுபோவார்கள், புளியோதரை கொண்டுபோவார்கள். நாங்கள் கோடை விடுமுறையில் இரண்டு சைக்கிள்களைக் கொண்டுபோனோம். பத்தாவது பரீட்சை முடிந்ததும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் விடலாம் என்று பெண்ணுக்கு இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கைக் காரில் ஏற்றுவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

கூரைமேல் கட்டலாம் என்றார் இவர். "தலைக்கு மேலே தூக்கி வைப்பது யாராம்?" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. டிக்கிக் கதவில் வார் போட்டு மாட்டும் தாங்கி விலை மலிவுதான்; ஆனால் பாரமெல்லாம் கதவின் தகட்டிலும் கீலிலும் அல்லவா தொங்கும்? கடைசியில் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் இழுவைக் கம்பி பூட்டிக்கொண்டோம். காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புக் கம்பி அது. நுனியில் எலுமிச்சம்பழம் போல 50 மில்லிமீட்டர் குண்டு ஒன்று. சைக்கிள் தாங்கி அந்தக் குண்டைக் கவ்விக்கொண்டு உட்காருகிறது.

"ஏனுங்கம்மா, சைக்கிள் எத்தனை கிலோ?" என்று கேட்டார் மெக்கானிக். நாம் என்றைக்கு சைக்கிளை நிறுத்துப் பார்த்தோம்! அவரே தராசில் ஏற்றினார். இரண்டும் தாங்கியுமாகச் சேர்ந்து 50 கிலோ. எங்கள் கம்பிக்கு 75 வரை தாளும். "கார் புஸ்தகத்துல ஒரு எண் இருக்கும், கம்பித் தகட்டுல ஒரு எண் இருக்கும். எது கம்மியோ அதைத்தானுங்க நம்பணும்" என்றார். சைக்கிள்கள் நம்பர் பலகையையும் சிவப்பு விளக்கையும் மறைத்ததால், தாங்கியின் பின்னால் வேறு பலகையும் விளக்கும் வைத்துக் கொடுத்தார்.

இ-பாஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். 1899-இல் குன்னூருக்கு ஓடத் தொடங்கிய மலை ரயில்கூட, இந்த ஏற்றத்தில் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. எங்கள் சைக்கிள்களுக்கு ஏது பல்?

பர்லியாரை நெருங்கும்போது பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. "வழி கேட்கிறான், அவசரக்காரன்" என்றார் இவர். பெண்தான் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அவர் கையைக் காட்டுகிறார்!"

ஓரமாக நிறுத்திப் பார்த்தால், தாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காலையில் அவசரத்தில் இவர் மாட்டும்போது, குண்டைக் கவ்வும் பிடியைக் கடைசி வரை அழுத்திப் பூட்டவில்லை! அடுத்த வளைவில் கழன்றிருந்தால் நேரே பஸ்ஸின் முன் சக்கரத்துக்கடியில்தான். எனக்குக் கைகால் வெலவெலத்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து, பிடியை 'டக்'கென்று பூட்டி, தாங்கியைப் பிடித்து உலுக்கினார். கார்தான் ஆடியது, தாங்கி ஆடவில்லை. "இப்படி ஆடணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பனி விலகும் நேரத்தில், லாம்ஸ் ராக் சாலையில் அப்பாவும் பெண்ணும் சைக்கிள் விட்டார்கள். ஏற்றத்தில் அவள் முன்னே. இவர் இறங்கித் தள்ளிக்கொண்டு பின்னே.

திரும்பும்போது சீசன் ஒருவழிப் பாதை. கோத்தகிரி வழியாக இறங்கினோம். டீக்கடை கண்ட இடமெல்லாம் இவர் காரை நிறுத்தி, தாங்கியை உலுக்கிப் பார்த்தார். மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஐந்து டீ குடித்திருந்தோம்.